கூர்மண்டையன் தலைவரா? ஒரு பிளக் பாயிண்ட் பஞ்சாயத்து

கொருக்குப்பேட்டை கரண்ட் | இரவு 9:04
நேத்து ஒரு காமிக்ஸ் குரூப்புல, தமிழ்ல வந்த மூணு பழைய பிரிட்டிஷ் ஹீரோங்களப் பத்தி (இரும்புக்கை மாயாவி, குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், ரோபோ ஆர்ச்சி) ஒருத்தர் போட்டிருந்தாரு: "மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூணு பேரையும் ஒரே தொடர்ல கூட்டு சேத்தா ஸ்பைடர்தான் தலைவர். மாயாவி பிளக் பாயிண்ட் தேடுற ஆளு, அவர் எங்க டீம் நடத்துறது?" கீழ ஒரே ஹார்ட்டா போட்டுத் தள்ளியிருக்கானுங்க.

இன்னாபா பேச்சு இது? 1972ல முத்து காமிக்ஸோட முதல் இதழே இரும்புக்கை மாயாவி. ஸ்பைடரைத் தமிழ்ல கொண்டாந்த லயன் காமிக்ஸ் வந்ததே 1984. அந்தக் கூர்மண்டையன் ஸ்பைடர் தமிழ் பேசுறதுக்கு ஒரு மாமாங்கம் முன்னாடியே கடையில கிளிப்பு போட்டுத் தொங்குன ஆளு நம்ம ஆளு. கதைக்குள்ள வந்தாலும் பாரிஞ்சர் ஆய்வுக்கூடத்துல வலது கை போயி இரும்புக்கை வந்துச்சு, ஷாக் அடிச்சா கையைத் தவிர மொத்த உடம்பும் மறையும், அப்புறம் நிழற்படைங்கற உளவு அமைப்புல ஏஜெண்டு. ஒரு அமைப்புக்குள்ள ஒழுங்கா வேலை பாத்தவரு மூணு பேர்ல இவர் ஒருத்தருதான்.

ஸ்டான்லி சிலந்தி | 9:11
உத்தரவு வாங்குறவன் ஏஜெண்டு, உத்தரவு போடுறவன் தலைவர். இது கூட தெரியலையா கரண்ட்டு?

ஸ்பைடர் முதல் கதையில இன்னா பண்றாரு? ஜெயில்ல இருந்து ரெண்டு பேரை வெளிய எடுக்குறாரு. பூட்டு உடைக்க ஆர்டினி, கருவி செய்ய பெல்ஹாம். ஆளைத் தேர்ந்தெடுத்து வேலையைப் பிரிச்சுக் குடுக்குறது, அதாம்பா தலைமை. ஹெலிகார்ங்கற பறக்குற வண்டி சொந்தம், வலைத் துப்பாக்கி சொந்தம், கேஸ் துப்பாக்கி சொந்தம். கரண்ட் பில்லு கிடையாது.

உங்க ஆளு? இன்னைக்கு வீட்டுக்கு வீடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கான், ஷாக் அடிச்சா கரண்ட்ட நிறுத்துற சுவிட்ச். கை வெச்சா கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள டிரிப் ஆயிடும். மாயாவி பாதி மறைஞ்சு பாதி மறையாம லுங்கியோட நிப்பாரு.

கொருக்குப்பேட்டை கரண்ட் | 9:15
ஆர்.சி.சி.பி. எதுக்குன்னு தெரிஞ்சு பேசு. ஃபேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்ட்டும் ஒண்ணா இருக்குதான்னு பாக்கும். மிச்சம் எர்த்துக்குக் கசிஞ்சாத்தான் விழும். மாயாவி ரெண்டு விரலை ரெண்டு ஓட்டையிலயும் வெச்சா போனதெல்லாம் திரும்பி வந்துடும், கசிவே கிடையாது. போயி வேற காரணம் தேடிட்டு வா.

எண்ணூர் ஆர்ச்சி | 9:19
கரண்ட்டு அண்ணே, பேரை மட்டும் கரண்ட்டுன்னு வெச்சா போதாது. இரும்பு விரலு ரெண்டையும் ஃபேஸ் நியூட்ரல்ல வெச்சா அது ஷாக் இல்ல, ஷார்ட் சர்க்யூட். கரண்ட் எகிறுனா தானா விழுற சுவிட்ச் இருக்கே, 16 ஆம்பியர் 'சி' டைப் எம்.சி.பி., அது 80ல இருந்து 160 ஆம்பியருக்குள்ள பட்டுனு விழுந்துரும். கரண்ட்டு விரலுக்கு விரல் பாயுமே தவிர உடம்புக்குள்ள போகாது. கைதான் சூடாகும். (யாரும் செஞ்சு பாக்காதீங்க, இது காமிக்ஸ் பேச்சு.)

அதனால தலைவர் ஆர்ச்சி. முடிஞ்சுது.

ஸ்டான்லி சிலந்தி | 9:20
அப்படிப் போடு! ஒரு விரல் வெச்சா ஆர்.சி.சி.பி., ரெண்டு விரல் வெச்சா எம்.சி.பி. பிளக் பாயிண்ட் தலைவர் ஒழிக.

(ஆர்ச்சி தலைவராம். 1952ல பிரிட்டன்ல லயன்னு வேற ஒரு வாரப் பத்திரிகையில அறிமுகமானப்ப அது ரிமோட்டுல ஓடுன பொம்மை. டெட், கென் ரெண்டு பேரும் பொட்டிய அமுக்குனாத்தான் நடக்கும். சட்டித்தலைக்கு வாய் வந்ததே பின்னாடிதான்.)

வியாசை விங்கர் | 9:26
ஒரு சின்ன சந்தேகம். தலைவர்னா எது? கதைக்குள்ள டீமுக்கு கேப்டனா, இல்ல அட்டையில பெருசா நின்னு புக்கை விக்கிறவனா? ரெண்டும் வேற.

1960ல ஜஸ்டிஸ் லீக் முதல் தடவ வந்தப்ப சூப்பர்மேன், பேட்மேன் ரெண்டு பேரும் உறுப்பினருங்க, ஆனா அட்டையிலயே இல்ல. 1963ல அவெஞ்சர்ஸ் முதல் இதழ்ல கேப்டன் அமெரிக்காவே கிடையாது. 4வது இதழ்ல ஐஸ்ல இருந்து எடுத்தாங்க, 16வது இதழ்ல மத்த பெரிய கைங்க எல்லாம் வெளிய போயி, ஹாக்ஐ, குவிக்சில்வர், ஸ்கார்லெட் விட்ச்னு மூணு பேரை வெச்சு அவர் தலைமை. 1986ல எக்ஸ்மென்ல ஸ்டார்மும் சைக்ளாப்ஸும் தலைமைக்கு மோதுனாங்க. ஸ்டார்முக்கு அப்ப சக்தியே இல்ல, அவங்கதான் ஜெயிச்சாங்க. சக்தி இருக்குறவன்தான் தலைவர்னு எவன் சொன்னான்? பந்தை அதிகம் வெச்சிருக்குறவன் கேப்டன் இல்ல.

கொருக்குப்பேட்டை கரண்ட் | 9:29
விங்கர் தம்பி, அமெரிக்காக்காரன் கதை அப்புறம். எம்.சி.பி.ன்னு ஒருத்தர் சொன்னாரே, அதுக்கு வரேன். மாயாவிக்கு வீட்டு பிளக்குதான் வேணும்னு எவன் சொன்னது? பேசின் பிரிட்ஜ் பாலத்து மேல நின்னு கீழ பாரு. மின்சார ரயில் லைன்ல 25,000 வோல்ட் போவுது. அங்க ஏது ஆர்.சி.சி.பி.? மூலக்கொத்தளம் தாண்டறதுக்குள்ள ஆளு மறைஞ்சுருவாரு.

ஸ்டான்லி சிலந்தி | 9:31
மறையறது மட்டுமில்ல, சாம்பலும் ஆயிடுவாரு.

கொருக்குப்பேட்டை கரண்ட் | 9:33
கதைய ஒழுங்கா படிச்சவன் அப்படிப் பேசமாட்டான். போன மாசம் லாரன்ஸ் டேவிட் காமிக்ஸ் திரியிலயும் இப்படித்தான் படிக்காம வந்து வாங்கிக் கட்டிக்கினு போன. ஞாபகம் இருக்கா?

இப்ப தொழில் பேசுறேன், கேட்டுக்கோ. கூட்டணி புக்கு 64 பக்கம்னு வை, 16 பக்கம் அச்சாகுற ஃபாரம் நாலு. பக்கத்துக்கு 6 கட்டம்னா மொத்தம் 384 கட்டம். ஸ்பைடரைத் தலைவராக்குனா அவர் சும்மா இருப்பாரா? கட்டத்துக்குக் கட்டம் "நானே குற்றச் சக்கரவர்த்தி"ன்னு முழங்கணும். இங்கிலீஷ்ல ஒரு வரி, தமிழ்ல எழுதுனா ஒன்றரை வரி. வசன பலூன் வீங்கும், படத்தை மறைக்கும். எழுத்தைச் சின்னதாக்குனா நியூஸ்பிரிண்ட்ல மை பரவி 'ழ'வும் 'மு'வும் ஒண்ணாத் தெரியும். பாதி கட்டம் அவர் தற்பெருமைக்கே போச்சுன்னா மத்தவன் எங்க நிக்கிறது?

மாயாவிக்கு அந்தப் பிரச்சினையே இல்ல. அவர் மறைஞ்ச கட்டத்துல ஓவியர் ஒரு கைய வரைஞ்சா போதும், மிச்ச இடம் ஆர்ச்சிக்கும் மத்தவனுக்கும். பலூன் வாலைக் கையோட மணிக்கட்டுக்கு மேல கொண்டு போயி நிறுத்தணும், அவ்ளோதான் வேலை. வாலை விரல்ல முடிச்சா கை பேசுற மாதிரி ஆயிடும், தப்பு அங்கதான் வரும். மாயாவி ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ வரைஞ்ச பக்கத்தைப் பாரு, காத்துல தனியா மிதக்குற கையை வெச்சே பயம் காட்டியிருப்பாரு.

பழைய பேப்பர் பாய் | 9:41
சண்டைக்கு நடுவுல ஒரு தகவல். இந்த மூணு பேரையும் ஏற்கனவே கூட்டு சேத்தாச்சு. 2005, 2006ல ஆல்பியன்னு 6 இதழ், வைல்ட்ஸ்டார்ம் வெளியீடு. கதைத் திட்டம் ஆலன் மூர், எழுதுனது அவர் மக லியா மூரும் ஜான் ரெப்பியனும். அதுல கதையை முன்னால இழுத்துக்கினு போறது டால்மன்னு இன்னொரு பழைய ஹீரோவோட பொண்ணு பென்னி. உங்க மூணு பேரும் இல்ல.

அப்புறம், ஸ்பைடரை 1965ல ஆரம்பிச்சது டெட் கோவன், ஓவியம் ரெக் பன். சூப்பர்மேனை உருவாக்குன ஜெர்ரி சீகல் பின்னாடி வந்து எழுதுனவரு. சிலந்தி அடுத்த போஸ்ட்ல 'சூப்பர்மேன் எழுதுன கை'ன்னு ஆரம்பிக்கிறதுக்குள்ள சொல்லிட்டேன்.

ஸ்டான்லி சிலந்தி | 9:44
சொல்லப் போறதில்ல, ஆனா சீகல் எழுதுன பாகந்தான் நல்லாருக்கும்.

பென்னியை யார் கேட்டா? நம்ம மும்மூர்த்திகள்ல யார் தலைவர்னு பேச்சு.

பழைய பேப்பர் பாய் | 9:46
மும்மூர்த்திகள்னா முத்து காமிக்ஸ் ஹீரோங்க மாயாவி, லாரன்ஸ் டேவிட், ஜானி நீரோ. இதுல ஸ்பைடரும் ஆர்ச்சியும் எங்க வந்தாங்க? முத்து காமிக்ஸ் வாசகன்ட்ட இந்த வார்த்தைய விட்டுப் பாரு.

எண்ணூர் ஆர்ச்சி | 9:48
லாரன்ஸும் டேவிட்டும் ரெண்டு பேரு. அப்ப நாலு பேரு ஆச்சே, அது எப்படி மும்மூர்த்தி?

பழைய பேப்பர் பாய் | 9:49
ஜோடி ஒரு கணக்கு. சின்னப் புள்ளைக்கும் தெரியும்.

கொருக்குப்பேட்டை கரண்ட் | 9:50
மும்மூர்த்தின்னாலும் முதல் பேர் மாயாவிதான். கவனிச்சீங்களா?

ஸ்டான்லி சிலந்தி | 9:53
கவனிச்சேன். உன் புரொஃபைல் படத்துல இருக்கற இதழையும் கவனிச்சேன், முதுகுல செல்லோடேப். இதுல 'அப்படியே புதுசு'ன்னு கேப்ஷன் வேற.

பழைய பேப்பர் பாய் | 9:58
ஐயோ, செல்லோடேப்பா? நியூஸ்பிரிண்ட்டு மரக்கூழ்ல செஞ்சது, மரத்துல இருக்குற லிக்னின் நிறைய, தானாவே பழுப்பாகி நொறுங்கும். அது மேல டேப்பு ஒட்டுனா பிளாஸ்டிக் காஞ்சு உதுந்துடும், பசை மட்டும் காகிதத்துக்குள்ள இறங்கி மஞ்சப் பட்டையா நிக்கும். அப்புறம் எடுக்கவே முடியாது. கிழிஞ்ச இடத்துல மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பட்டையாக் கிழிச்சு (வெட்டக் கூடாது, நார் தெரியணும்), தண்ணியா காய்ச்சுன மைதாப் பசைய லேசா தொட்டு ஒட்டி, மேல பட்டர் பேப்பர் வெச்சு, கனமான புக்கை ஒரு ராத்திரி வை. பின்னு துருப்பிடிச்சிருந்தா முதல்ல அதை எடு, இல்லன்னா நடுப் பக்கம் துருவோட சேந்து அறுந்து வரும். ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக் காத்துல சாதா பின்னு சீக்கிரமே துரு வுடும். வெள்ளை நூல்ல தைச்சுடு.

கொருக்குப்பேட்டை கரண்ட் | 10:02
மைதாவா? கரப்பான் வந்து மாயாவிய தின்னுட்டுப் போவும். நல்ல யோசனை குடுக்குற ஆளு.

பழைய பேப்பர் பாய் | 10:03
பசையில துளி மயில்துத்தம் கலந்தா வராது. புக்கு பைண்ட் பண்றவங்க எப்பவும் பண்றதுதான். டேப்புக்காரனுக்கு எப்படித் தெரியும்.

வியாசை விங்கர் | 10:05
நான் கேட்டது அப்படியே நிக்குது. கேப்டனா, அட்டையா?

எண்ணூர் ஆர்ச்சி | 10:09
விங்கரே, வுடு. நான் ஒரு வழி சொல்றேன். மாயாவிக்குக் கரண்ட் வேணும். ஆர்ச்சி உடம்புல இல்லாத கரண்ட்டா? முதுகுல ஒரு சாக்கெட் வெச்சுட்டா போற இடமெல்லாம் பிளக் பாயிண்ட் கூடவே வரும். காட்டுக்குள்ள போனாலும் கவலை இல்ல. ஆர்ச்சியோட முதல் கதையே காட்டுலதான். எம்.சி.பி. கிடையாது, ரயில் லைன் தேட வேணாம். ஆனா சாக்கெட் யாருதோ அவர்தான் தலைவர்.

கொருக்குப்பேட்டை கரண்ட் | 10:12
இன்னாது? மாயாவி போயி சட்டித்தலையன் முதுகுல விரல வெச்சுக்கினு நிக்கணுமா? செல்போன் சார்ஜ் போடுற மாதிரி? 1972ல இருந்து தலை நிமிர்ந்து நின்ன ஆளுய்யா.

ஸ்டான்லி சிலந்தி | 10:13
பாத்தியா, கடைசியில உன் கூட்டாளியே ஒத்துக்கினான். பிளக் பாயிண்ட் இல்லாம உங்க ஆளால ஒரு கட்டம் தாண்ட முடியாது.

எண்ணூர் ஆர்ச்சி | 10:14
நான் யாருக்கும் கூட்டாளி இல்ல. உன் ஹெலிகார் மட்டும் தண்ணியிலயா ஓடுது? அதுக்கு எரிபொருள் எங்க ஊத்துவாரு, எந்தக் கட்டத்துலயாவது காட்டு.

ஸ்டான்லி சிலந்தி | 10:16
பெல்ஹாம் செஞ்ச வண்டி. பங்க்ல வரிசையில நிக்குற வண்டின்னு நெனச்சியா?

எண்ணூர் ஆர்ச்சி | 10:17
கட்டத்தைக் காட்டு.

கொருக்குப்பேட்டை கரண்ட் | 10:21
ஹெலிகாரு, மைதா எல்லாம் தனித் திரி போட்டுப் பேசுங்க. இங்க கேள்வி ஒண்ணுதான். 25,000 வோல்ட்டுக்கு இன்னும் எவனும் பதில் சொல்லல. திரும்பவும் சொல்றேன், பேசின் பிரிட்ஜ், தலைக்கு மேல வயரு, எம்.சி.பி. கிடையாது.

ஸ்டான்லி சிலந்தி | 10:22
சாம்பல்னு 9:31க்கே சொல்லிட்டேன். மேல ஏறிப் பாரு. அப்படியே அந்த டேப்பையும் எடு.