கடலுக்குள் நீளும் முனைகள்: வேலூர்ப் பக்கத்தார் நடந்து பார்த்தது

சத்துவாச்சாரியிலிருந்து:

மலை ஏறுவதற்கு நம் ஊரில் குறையே இல்லை. கோட்டைக்குக் கிழக்கே நிற்கிற மலைகள், வள்ளிமலை, கொஞ்சம் தள்ளிப் போனால் ஏலகிரி. கடல்தான் இல்லை. மணலில் கால் நனைத்து, சுண்டல் தின்றுவிட்டு வருகிற கடற்கரையை நான் கேட்கவில்லை. நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு போய் முடிகிற மேடு, அங்கே நின்றால் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் தண்ணீர், ஒரு மணி நேரமாவது நடக்க வழி. அப்படி எங்காவது போய் வந்தவர்கள் எழுதுங்கள். கேள்விப்பட்டது வேண்டாம், நின்று பார்த்ததைச் சொல்லுங்கள். அம்மாவும் வருவார். முழங்கால் வலி உண்டு, அதையும் மனதில் வைத்துச் சொன்னால் நல்லது.

காட்பாடியிலிருந்து:

முட்டம் போங்கள். நம் ஆள்கள் கன்னியாகுமரி போனால் படகில் ஏறி விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இப்போது இரண்டுக்கும் நடுவில் 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம், எல்லாவற்றையும் பார்த்து, சங்கும் பாசிமணியும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே நடக்க இடமில்லை, வரிசையில் நிற்கத்தான் இடம்.

முட்டம் அதே மாவட்டம்தான். நாகர்கோவிலிலிருந்து தென்மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஊரை நெருங்கும்போதே மண் சிவக்கத் தொடங்கிவிடும். தேரி என்கிறார்கள், செக்கச்சிவந்த மணல்மேடு, மழை அறுத்த ஓடைகள் அதில் வரிவரியாக. அப்புறம் லைட் ஹவுஸ். அதைத் தாண்டினால் பெரிய பெரிய பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. பாறையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஊர்ப் பாறையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டுவைத்த மாதிரி இருந்தது. வித்தியாசம் என்னவென்றால் அங்கே பாறை அடிவாங்குகிறது, ஓயாமல்.

மேட்டில் நின்றால் எவ்வளவு தூரம் தெரியும் என்று மகன் கேட்டான். கணக்கு இருக்கிறது. கரையில் தண்ணீர் மட்டத்தில் நிற்கிறவருக்கு அடிவானம் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். கண் 30 மீட்டர் உயரத்தில் இருந்தால் 20 கிலோமீட்டர் வரை போகும். லைட் ஹவுஸை மேட்டின்மேல் கட்டுவதற்கு இதுதான் காரணம். கரையில் நின்றபோது தெரியாத படகுகள் மேலே ஏறியதும் தெரிந்தன. ஏறினதுக்குக் கூலி கிடைத்துவிட்டது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். பாறைகளுக்குள் இறங்கலாம் என்று செருப்பைக் கையில் எடுத்தபோது, மேலே நிழலில் உட்கார்ந்து வலைக்கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மக்களே, எந்த ஊரு?" என்றார். வேலூர் என்றேன். "அப்ப கடல் தெரியாது. கொஞ்ச நேரம் இரிங்க. இருந்து பாத்துட்டுப் பெறவு இறங்குங்க" என்றார். சரி என்று உட்கார்ந்தோம். சின்னச் சின்ன அலையாக வந்துகொண்டே இருந்தது, ஒன்றும் ஆகிறதாகத் தெரியவில்லை. மகன் பொறுமையிழந்து எழுந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து மூன்று நான்கு பெரிய அலைகள் சேர்ந்தாற்போல் வந்தன. நாங்கள் போய் நிற்க நினைத்த பாறை முழுசாக மறைந்துபோனது. பெரியவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஒரே அளவா வராது. இப்படிச் சேத்துத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

பாறையில் எது வரைக்கும் கறுத்து ஈரமாக இருக்கிறது, எது வரைக்கும் பாசி பிடித்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அது வரைக்கும் கடலுக்குச் சொந்தம். அதற்கும் மேலே நன்றாகத் தள்ளி, காய்ந்து வெளுத்த பாறையில் நிற்க வேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. இந்த ஒன்றைச் சொன்னபோது மட்டும் குரல் கொஞ்சம் கடுத்தது.

காரணம் இருக்கிறது. 2024 மே மாதம், முட்டத்துக்குப் பக்கத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை இழுத்துப்போனது. வெளியூர்ப் பிள்ளைகள். அன்றைக்குப் புயலும் இல்லை, மழையும் இல்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய காற்று எழுப்பிய அலை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்து இந்தக் கரையில் ஏறுகிறது. கள்ளக்கடல் என்பது இதைத்தான். ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம், இன்காய்ஸ், இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது. வானம் தெளிவாக இருக்கிறதே என்று கிளம்பாமல், போகிற அன்றைக்கு அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆனி, ஆடியில் முட்டம் வேண்டாம். தை, மாசி நன்றாக இருக்கும். சூரியன் மறைகிற நேரத்துக்குக் கூட்டம் வரும், மற்ற நேரத்தில் அவ்வளவாக இல்லை. நடக்கத் தெம்பு இருந்தால் மேற்கே மணவாளக்குறிச்சிப் பக்கம் கரையோரமாகப் போகலாம். அங்கே மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைட், மோனசைட் என்கிற கனிமங்கள் கலந்த மணல், அதைப் பிரிக்க மத்திய அரசின் ஆலையே அங்கே இருக்கிறது.

குடியாத்தத்திலிருந்து:

என் பங்குக்கு விசாகப்பட்டினம். டால்பின் மூக்கு என்று ஒரு மலை, நிஜமாகவே கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த மூக்கின் மறைவில்தான் 1933இல் திறந்த துறைமுகம் இருக்கிறது. மலைமேல் கடற்படை இடங்கள் உண்டு, எங்கு வேண்டுமானாலும் நடக்கவும் முடியாது, படம் எடுக்கவும் முடியாது. மலையைத் தாண்டிப் பின்னால் இறங்கினால் யாராடா கடற்கரை. அந்த இறக்கத்தில் கடல் திடீரென்று கண்முன்னே விரிகிற இடம் ஒன்று வருகிறது, அதற்காகவே போகலாம். வீட்டில் பேசுகிற தெலுங்கு ஆட்டோ பேரத்துக்கு உதவியது. ஆனால் நடை என்று பார்த்தால் காட்பாடி அண்ணன் சொன்ன இடம்தான்.

வள்ளிமலைப் பக்கத்திலிருந்து:

மணப்பாடு யாரும் சொல்லவில்லையே, ஆச்சரியம். திருச்செந்தூர் போகாத வீடு நம் பக்கம் இருக்கிறதா? அங்கிருந்து தெற்கே அரை மணி நேரம்தான், குலசேகரப்பட்டினத்தைத் தாண்டினால் மணப்பாடு. குலசை முத்தாரம்மன் தசராவுக்குப் போகிறவர்கள்கூட அடுத்த ஊரை எட்டிப்பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

முட்டம் மாதிரி பாறை இல்லை இது. மணல்மேடு இறுகிக் கல்லானது போன்ற ஒரு சின்னக் குன்று, கடலுக்குள் துருத்திக்கொண்டு நிற்கிறது. உச்சியில் திருச்சிலுவைக் கோயில், 1581இல் கட்டியது. பக்கத்தில் லைட் ஹவுஸ். கடலைப் பார்த்த சரிவில் ஒரு குகை இருக்கிறது. 1542இல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அதில் தங்கியிருந்தார் என்கிறார்கள். கிழக்குக் கரைதான், ஆனாலும் அந்த மேட்டில் நின்றால் ஒரு பக்கம் கடல் குமுறுகிறது, மறுபக்கம் வளைகுடா அமைதியாகக் கிடக்கிறது. அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் தேடி வருவதும் இந்த முனையால்தான்.

கோயில் வாசலில் இருந்தவர் ஊர் விசாரித்தார். வேலூர் என்றதும் ஆஸ்பத்திரி பற்றிப் பேசினார், எங்கே போனாலும் நமக்கு அது நடப்பதுதான். அவருடைய தங்கையை அங்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறார்களாம். வள்ளிமலைக்குப் பக்கம் என்று மனைவி சொன்னதும், "அப்ப திருச்செந்தூர் உங்களுக்கு மாப்பிள்ளை வீடுல்லா!" என்றாரே பார்க்கலாம். சிலுவைக் கோயில் வாசலில் நின்றுகொண்டு வள்ளி கல்யாணக் கதையை எங்களுக்கே சொன்னார், எங்கள் ஊரில் சொல்வதைவிட நன்றாகவே.

ஊருக்குள் பனை ஓலைப் பெட்டி முடைகிறார்கள், பெண்கள்தான் அதிகம். திருச்செந்தூர்க் கடையில் வாங்குவதைவிட அங்கே வாங்குங்கள். செப்டம்பர் 14 திருவிழாவை ஒட்டிப் போகாதீர்கள், அமைதி தேடிப் போகிறவருக்கு அது நாளல்ல. குன்றில் நிழல் இல்லை. காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம். வேலூர் வெயிலுக்குப் பழகியவன் என்று நானும் நெஞ்சை நிமிர்த்தித்தான் போனேன். கடலோர வெயில் வேறு ரகம், வேர்வை காய்வதே இல்லை.

ஆம்பூரிலிருந்து:

சத்துவாச்சாரி அக்கா, ரயில் வசதி முக்கியம் என்றால் கேரளத்து வர்க்கலா. முட்டம், மணப்பாடு பக்கமெல்லாம் போக விழுப்புரம் போய் ஏற வேண்டும். இதற்கு ராத்திரி காட்பாடியில் திருவனந்தபுரம் மெயில் ஏறினால் மறுநாள் மதியத்துக்குள் வர்க்கலா சிவகிரி ஸ்டேஷன்.

அங்கே கடலை ஒட்டியே செம்மண் சுவர் மாதிரி செங்குத்து மேடு. மேலே செம்பாறை, கீழே மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகத் தெரியும். நிலவியல்காரர்கள் இந்த அடுக்குக்கே வர்க்கலாவின் பெயரை வைத்திருக்கிறார்கள், புவியியல் நினைவுச்சின்னம் என்று அறிவித்தும் இருக்கிறார்கள். அடுக்குகளுக்கு நடுவிலிருந்து ஊற்றுநீர் கசிகிறது. கீழே பாபநாசம் கடற்கரையில் பித்ருக்களுக்குத் தர்ப்பணம் கொடுக்கிற கூட்டம், மேலே வெள்ளைக்காரர்களும் காப்பிக் கடைகளும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை.

விளிம்பை ஒட்டியே நடைபாதை. கடைகள் இருக்கிற பகுதி எனக்குப் பிடிக்கவில்லை, அரை மணி நேரம் சட்டை விற்பவர்களுக்கு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே தீர்ந்துவிடும். வடக்கே நடந்துகொண்டே இருங்கள். ஓடயம், இடவா என்று கடைகள் குறைந்து, தென்னை கூடி, ஆறேழு கிலோமீட்டரில் காப்பில் வரும். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவில் ரோடு. நானும் நாத்தனாரும் பிரியாணிப் பொட்டலம் கொண்டுபோயிருந்தோம். ஆம்பூர்க்காரிகள் வேறென்ன செய்வோம்?

ஒரு டீக்கடைக்காரர், விளிம்பில் நின்ற என் நாத்தனாரை உள்ளே வரச் சொல்லிக் கத்தினார். போன மழையில் இடிந்து விழுந்த மூலையைக் காட்டினார், அவருடைய பெஞ்சு கிடந்த இடமாம் அது. மேலே ஊறுகிற மழைநீர் கீழே மணலை அரிக்கிறது, அடிவாரத்தை அலை அரிக்கிறது. நிற்கிற தரை கெட்டியாகத்தான் தெரியும். வேலி இருக்கிற இடத்தில் வேலிக்கு உள்ளே, இல்லாத இடத்தில் நாலு அடி தள்ளி நடங்கள். ஜூன், ஜூலை மழையில் போகவே வேண்டாம்.

ஆற்காட்டிலிருந்து:

முனை இல்லை, மேடும் இல்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன். நம் பாலாறு கடலில் சேருகிற இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர்ப் பக்கம். 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அதற்கப்புறம் எனக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நடக்கிறவர்களுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. நம் ஊர் ஆறு, அவ்வளவுதான். பக்கத்தில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையையும் பார்த்துவிட்டு வரலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

அம்மா விஷயத்தை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். அவருக்கு வட்டக்கோட்டைதான் சரி. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே ஆறேழு கிலோமீட்டர். திருவிதாங்கூர்க் காலத்துக் கருங்கல் கோட்டை, ஒரு பக்கம் கடலுக்குள்ளேயே நிற்கிறது. 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்தாரே, அவர் மேற்பார்வையில் கட்டியது. நம் கோட்டையோடு ஒப்பிட்டால் சின்னதுதான், அகழியும் கிடையாது, கடலே அகழி. மதில்மேல் ஒரு பக்கம் கடல், திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடமும் காற்றாலைகளும். என் மாமியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, மெதுவாக நடந்து ஒரு மணி நேரம் இருந்தார். கீழே இறங்கிப் பாறையில் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

சத்துவாச்சாரியிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. விழுப்புரத்தில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் பிடித்து, முதலில் அம்மாவோடு வட்டக்கோட்டை, அடுத்து முட்டம் என்று வைத்திருக்கிறேன். பொங்கல் கூட்டம் கழிந்து தை கடைசியில். முட்டத்தில் சூரியன் மறைந்த பிறகு நாகர்கோவில் திரும்பப் பேருந்து இருக்குமா, அண்ணா?

காட்பாடியிலிருந்து:

இருக்கும், ஆனால் அம்மாவை வைத்துக்கொண்டு அதை நம்பி நிற்காதீர்கள். நாகர்கோவிலிலிருந்தே ஆட்டோவோ காரோ பேசி, காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். காத்திருக்கிற நேரத்துக்கு எவ்வளவு என்று ஏறும் முன்னாலேயே பேசிவிடவும். அம்மாவை லைட் ஹவுஸ் பக்கத்து மேட்டிலேயே உட்காரவைத்துவிடலாம், அங்கிருந்தே எல்லாம் தெரியும். காற்று பலமாக அடிக்கும், காதுக்கு ஒரு துணி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.