டெஸ்லா வேலைநிறுத்தம்: தபால்காரருக்கு இதில் என்ன வேலை?

மாலைவெயில்:
ஸ்வீடனில் டெஸ்லா மெக்கானிக்குகளின் வேலைநிறுத்தம் 2023 அக்டோபர் 27-ல் தொடங்கியது. இரண்டு வருடம் தாண்டியும் முடியவில்லை. கூலி, ஓய்வூதியம் போன்றவற்றைச் சங்கத்தோடு பேசி எழுதிக்கொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்பதுதான் ஐஎஃப் மெட்டால் என்ற தொழிற்சங்கத்தின் கோரிக்கை. தொடங்கியபோது மெக்கானிக்குகள் சுமார் 130 பேர். இரண்டு வருடம் கழித்து வெளியே நின்றவர்கள் சங்கக் கணக்குப்படியே 70 பேர் போலத்தான். ஆனால் அவர்களுக்கு ஆதரவாக மற்ற சங்கங்களும் இறங்கியதால் துறைமுகத் தொழிலாளி டெஸ்லா காரை இறக்க மாட்டார், எலக்ட்ரீஷியன் வர மாட்டார், தபால்காரர் நம்பர் பிளேட்டைக் கொண்டுவர மாட்டார். தகராறு மெக்கானிக்குக்கும் கம்பெனிக்கும். காசு கொடுத்து கார் வாங்கியவர் என்ன பாவம் செய்தார்?

நெய்தல்நிலம்:
அந்த நாட்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே கிடையாது, அதை மறந்துவிட்டுப் பேச முடியாது. 1938-ல் சால்ட்சியோபாடன் என்ற ஊரில் முதலாளிகள் அமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் உட்கார்ந்து, அரசு தலையிட வேண்டாம், நாமே பேசித் தீர்ப்போம் என்று முடிவுசெய்தார்கள். இன்று பத்தில் ஒன்பது தொழிலாளிகளுக்குக் கூலி உயர்வும் ஓய்வூதியமும் ஒப்பந்தத்தின் வழியாகத்தான் வருகின்றன. ஒரு பெரிய கம்பெனி கையெழுத்துப் போடாமல் தப்பித்தால் அடுத்தவனும் அதையே கேட்பான். தபால்காரர் காப்பாற்றுவது தன் சொந்த ஒப்பந்தத்தை.

மாலைவெயில்:
ஒப்பந்தத்துக்குச் சமமாக, அதைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறோம் என்று கம்பெனி சொல்கிறது. அப்படியிருக்க, அந்தத் தாளில் என்ன இருக்கிறது?

கோத்தன்பர்க்_வாசி:
நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன், சங்க உறுப்பினர். கம்பெனி கொடுப்பதைக் கம்பெனியே நாளைக்கு நிறுத்தலாம், ஒப்பந்தத்தில் உள்ளதை நிறுத்த முடியாது. எங்கள் ஒப்பந்தப்படி சம்பளத்துக்கு மேல் 4.5 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது. விபத்துக் காப்பீடும் உண்டு. அப்புறம், முதலாளிக்கும் ஒரு லாபம் இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. கையெழுத்தான பிறகு, ஒப்பந்தக் காலம் முடியும்வரை அதில் தீர்ந்த விஷயங்களுக்காக வேலைநிறுத்தம் செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. அதனால்தான் ஸ்வீடனில் வேலைநிறுத்தம் இவ்வளவு குறைவு. 1995-ல் டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கடையும் இதேபோல் மறுத்தது. மூன்று மாதத்தில் கையெழுத்துப் போட்டது. 2023 நவம்பரில் கிளார்னா என்ற பணப்பரிமாற்றக் கம்பெனி, வேலைநிறுத்தம் வருவதற்கு முன்பே போட்டுவிட்டது.

மாலைவெயில்:
டாய்ஸ் ஆர் அஸ் மூன்று மாதம், இது இரண்டு வருடம். மற்ற ஊழியர்களை வைத்து ஒர்க்‌ஷாப் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய ஆயுதம் இந்தக் கம்பெனியிடம் செல்லவில்லை. பிரிட்டனில் இப்படிப்பட்ட ஆதரவு வேலைநிறுத்தம் 1990-லேயே சட்டவிரோதமாகிவிட்டது. அங்கே யாரும் செத்துப்போகவில்லையே.

நெய்தல்நிலம்:
பிரிட்டனில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி உண்டு. அதுவும் இல்லாமல் இதையும் பிடுங்கினால் ஸ்வீடன் தொழிலாளிக்கு என்ன மிஞ்சும்? உள்ளே கருங்காலிகளைக் கொண்டுவந்து வேலை வாங்குகிறார்கள். 1930-களுக்குப் பிறகு அந்த நாடு பார்க்காத காரியம் இது. என்னைக் கோபப்படுத்துவது அதுதான்.

மாலைவெயில்:
உள்ளே போகிறவரைக் கருங்காலி என்று சொல்லாதீர்கள். வீட்டுக்கடன் கட்டுகிறவர் அவர், சங்கத்தில் சேராமல் இருக்க அவருக்கும் உரிமை உண்டு. ரகசிய வாக்கெடுப்பு வைக்கட்டும். பெரும்பான்மை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும்.

கோத்தன்பர்க்_வாசி:
அது அமெரிக்க முறை. இங்கே கையெழுத்தான ஒப்பந்தம் உறுப்பினர் அல்லாதவருக்கும் நடைமுறையில் பொருந்தும், உள்ளே போகிறவருக்கும் அதே ஓய்வூதியம். அவர் சந்தா கட்ட வேண்டியதில்லை.

மாலைவெயில்:
அவர் கேட்காததை அவர் பெயரில் வாங்கித் தருகிறீர்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கோத்தன்பர்க்_வாசி:
கேட்டோம். என் பக்கத்து வீட்டுக்காரரும் மெக்கானிக்தான், வேறு கம்பெனியில். முதலில் சந்தாவே வீண் என்றார். மூட்டு வலியால் ஆறு மாதம் வீட்டில் இருந்தபோது, ஒப்பந்தக் காப்பீட்டிலிருந்து மாதாமாதம் வந்த தொகை என்ன என்று அவர்தான் என்னிடம் சொன்னார். அவரைக் கேட்டுப் பாருங்கள்.