தமிழ்த் தலைப்பை வெட்டும்போது உயிர்மெய் உடைகிறது: ஜாவாஸ்கிரிப்டில் சரியான வழி எது?

கேள்வி | முகப்புநிரல்

வணக்கம். ஒரு செய்தித் தளத்தின் முகப்பை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வருகிறேன். நீண்ட தலைப்புகளை ஸ்லைஸ் என்ற வெட்டும் கட்டளை கொண்டு 40 எழுத்தில் இரண்டாகப் பிரித்து, ‘மேலும்’ என்ற பொத்தானை அழுத்தினால் எஞ்சிய பகுதி தெரியும்படி அமைத்திருக்கிறேன். ஆங்கிலத் தலைப்புகளில் சிக்கல் இல்லை. தமிழில் மட்டும் சில தலைப்புகளின் இரண்டாம் பகுதி, புள்ளிகளாலான ஒரு வட்டத்தை ஒட்டிய காலோடோ கொம்போடோ தொடங்குகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தும் வட்டம் போகவில்லை. பலரும் பரிந்துரைப்பதுபோல் சரத்தை, அதாவது தலைப்பின் உரையை, ஸ்ப்ரெட் குறியால் (மூன்று புள்ளி) தனித்தனி உறுப்புகள் கொண்ட அணியாக்கி வெட்டியும் பயனில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி | சரக்கோவை

கோளாறு எழுத்துருவில் இல்லை. நாம் ஓரெழுத்தாகப் படிப்பதை, எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடு பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குறியெண்களாக வைத்திருக்கிறது. ‘சென்னை’ நமக்கு மூன்றெழுத்து. கணினிக்கோ ச, எகரக் கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என ஆறு. சரத்தின் நீளத்தை (லெங்த்) கேட்டால் 6 என்றே விடை வரும். அதை ஐந்தில் வெட்டினால் ஐகாரக் குறி மட்டும் அடுத்த பகுதிக்குப் போய்விடும்; அது சார்ந்து நிற்க எழுத்து இல்லாததால்தான் புள்ளிவட்டம் தோன்றுகிறது. வட்டமாவது கண்ணில் படுகிறது. முதற்பகுதி ‘சென்ன’ என்று பிழையே இல்லாததுபோல் நிற்பதுதான் எனக்குக் கூடுதல் கவலை, ஏனெனில் சோதிப்பவர் தமிழ் அறியாதவராக இருந்தால் அது கடைசிவரை பிடிபடாது.

ஸ்ப்ரெட் குறி, ஜாவாஸ்கிரிப்ட் சரங்களுக்குப் பயன்படுத்தும் யூடிஎஃப்-16 முறையில் இரண்டு அலகு பிடிக்கும் எமோஜி போன்றவற்றை உடையாமல் காப்பதற்கு உரியது. நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் ஓரலகே என்பதால் இங்கே அது எதையும் மாற்றாது.

உங்களுக்கு வேண்டியது, உரையைத் துண்டுகளாகப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்ட் வசதியான இன்ட்ல் செக்மென்டர். மொழியாக ‘டிஏ’ (தமிழ்), கிரானுலாரிட்டியாக, அதாவது துண்டின் அளவாக, ‘கிராபீம்’ (நாம் ஓரெழுத்தாகக் காண்பது) என்று கொடுத்து அந்த ஆப்ஜெக்டை ஒருமுறை மட்டும் உருவாக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தலைப்பையும் அதன் வழியே பிரித்து, முதல் 40 துண்டுகளைச் சேர்த்தால் உயிர்மெய் எங்கும் உடையாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: க்ஷ அதன் கணக்கில் க், ஷ என இரண்டு துண்டுகள், ஆகவே ‘லக்ஷ்மி’ நடுவே பிரிய இடமுண்டு.

மறுமொழி | தரவுக்களம்

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் தலைப்பு பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் சரத்தை வெட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ‘ர’வும் ‘ணௌ’வும் ஒரே அகலம் பிடிப்பதில்லை, 40 எழுத்து ஒரு தலைப்பில் ஒரு வரியாகவும் இன்னொன்றில் இரண்டாகவும் வரும். சிஎஸ்எஸ்ஸில், காட்டும் வரிகளுக்கு வரம்பு வைக்கும் லைன்-கிளாம்ப் கொடுத்து இரண்டு வரியோடு நிறுத்திவிட்டு, பொத்தானை அழுத்தும்போது அதை நீக்கினால் போதும்.

கைப்பேசி அறிவிப்பு, தேடுபொறிக்கான சுருக்கம் ஆகியவற்றுக்குச் சர்வரில் வெட்டியே ஆகவேண்டும். அங்கே பிஎச்பி மொழி என்றால், சரத்தை வெட்டும் அதன் சப்ஸ்டர் கட்டளையின் பக்கம் போகாதீர்கள். அது பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியெண் 3 பைட்டு என்பதால் குறியெண்ணே பாதியில் அறுந்துபோகும், அறுந்த சரத்தை ஜேசன் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்துக்கு மாற்ற முயன்றால் விடை வெறும் ஃபால்ஸ். எம்பி_சப்ஸ்டர் குறியெண்ணைக் காக்கும், உயிர்மெய்யைக் காக்காது. இன்ட்ல் நீட்சியில் உள்ள கிராபீம்_சப்ஸ்டர்தான் இரண்டையும் காக்கிறது.

மறுமொழி | முகப்புநிரல்

இருவருக்கும் நன்றி. முகப்பில் லைன்-கிளாம்ப் வைத்துவிட்டேன், வட்டங்கள் மறைந்தன. பகிர்வுக்கான உரையை மட்டும் உலாவியிலேயே வெட்ட வேண்டியிருக்கிறது. வாசகர்களில் சிலர் பழைய ஃபயர்பாக்ஸ் வைத்திருக்கிறார்கள்; செக்மென்டர் அதில் இயங்குமா?

மறுமொழி | சரக்கோவை

ஃபயர்பாக்ஸில் அது 2024 ஏப்ரலில் வந்த 125ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு. குரோமில் 2020இலும் சஃபாரியில் 2021இலும் வந்துவிட்டது. செக்மென்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், யூனிகோடு முறையை இயக்கும் யு கொடியுடன் ரெஜெக்ஸ் (உரையில் ஓர் அமைப்பைத் தேடும் கோவை) எழுதி, ‘குறி (மார்க்) வகையைச் சேராத ஒரு குறியெண், அதைத் தொடரும் குறி வகைக் குறியெண்கள் அனைத்தும்’ என்ற அமைப்பால் சரத்தைப் பிரியுங்கள். தமிழ்ப் புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோடில் குறி வகையிலேயே இருப்பதால் தமிழுக்கு இது பிசகாது. பல எமோஜிகளை ஒட்டி உருவாக்கும் குடும்பப் படங்கள் போன்ற சில எமோஜிகள் இதில் சிதறும்.