செட்டிநாட்டு வளவு வீட்டை அறக்கட்டளையிடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி:

வணக்கம். காரைக்குடிக்கு அருகே எங்கள் முன்னோர் கட்டிய வீடு ஏழு புள்ளிகளுக்கு (குடும்பங்களுக்கு)ப் பொதுவாக உள்ளது. முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் உறுதியாக நிற்கின்றன. அதற்கு அடுத்த பகுதியான இரண்டாம் கட்டில் ஓடுகள் சரிந்து, பர்மாத் தேக்கு விட்டங்களில் மழைநீர் இறங்குகிறது. பங்காளிகளில் சிலர் மலேசியக் குடியுரிமை பெற்றவர்கள். தூண்களையும் நிலைக்கதவுகளையும் கழற்றி விற்றுவிடலாம் என்போரும் உண்டு. வீட்டை ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு மாற்றி, நன்கொடை திரட்டிக் காப்பாற்ற விரும்புகிறோம். ஆனால் முன்னோருக்குப் படையலிடும் படைப்பும் திருமணங்களும் வழக்கம்போல் அங்கேயே நடக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1:

படைப்பும் திருமணங்களும் அங்கேயே நடக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பொது அறக்கட்டளை என்றால் வீடு பொதுமக்களின் நன்மைக்கானது. அதை ஏற்படுத்தியவர்களோ, அறங்காவலர்களோ, அவர்களுடைய உறவினர்களோ உரிய வாடகை தராமல் பயன்படுத்தினால் வருமான வரி விலக்கு பாதிக்கப்படும். எனவே திருமணத்திற்கு வெளியார் தரும் அதே வாடகையைக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். படைப்பு நடக்கும் பகுதியை மட்டும் ஒப்படைக்காமல் குடும்பத்தின் பெயரிலேயே வைத்துக்கொள்வது நல்லது. இதற்குப் பங்காளிகள் இசையவில்லை என்றால் அறக்கட்டளைப் பேச்சே வேண்டாம்.

இசைந்தால், மகள் வழி வாரிசுகள் உட்பட உரிமையுள்ள அனைவரும் கையெழுத்திட்ட பின்னரே பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் பிற்காலத்தில் பாகப்பிரிவினை வழக்கு வந்து நிற்கும். அறக்கட்டளை கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள வேறோர் அறக்கட்டளைக்குப் போக வேண்டுமே தவிரக் குடும்பத்திற்குத் திரும்பக் கூடாது என்பதையும் பத்திரத்தில் எழுதுங்கள்.

நோக்கப் பிரிவை எழுதும்போது கவனம் தேவை. 1961 வருமான வரிச் சட்டத்தின் அறநோக்க வரையறையில், வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களையும் பொருள்களையும் பாதுகாப்பது தனித் தலைப்பாகவே சொல்லப்பட்டது. 'பொதுப் பயன்பாடு' என்ற பொதுவான தலைப்பில் வரும் அறக்கட்டளைகளுக்கு விதிக்கப்பட்ட, வணிக வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இத்தலைப்புக்கு இல்லை. நுழைவுக் கட்டணமோ தங்கும் அறை வாடகையோ பெறப் போகிறீர்கள் என்றால் இது பெரிய உதவி. ஆகவே 'பண்பாட்டு வளர்ச்சி' என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடாதீர்கள். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருப்பதால் வரைவைப் பட்டயக் கணக்கரிடம் காட்டிவிடுங்கள்.

பதில் 2:

நிதி குறித்துச் சில சொற்கள். 1961 சட்டத்தில் 80ஜி எனப்பட்ட, கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் சான்றிதழ் கிடைத்தவுடன் நன்கொடை கொட்டும் என்று நம்ப வேண்டாம். கழிவு பொதுவாகப் பாதித் தொகைக்குத்தான். புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. 2013 நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை வரலாற்றுக் கட்டடச் சீரமைப்பை நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவாக (சி.எஸ்.ஆர்.) ஏற்கிறது. ஆனால் வெளி அறக்கட்டளைக்கு மூன்றாண்டுச் செயல்பாட்டு வரலாறு கேட்பார்கள். மலேசியக் குடியுரிமை பெற்ற உறவினர் அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும். அதற்கான பதிவுக்கும் பொதுவாக மூன்றாண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்பதால், குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட பணி என்று முன்அனுமதி கோருவதே புதிய அறக்கட்டளைக்கு உள்ள வழி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு இத்தடை இல்லை.

ஆக, முதல் மூன்றாண்டுகள் குடும்பப் பணத்தில்தான் ஓடும். 1895இல் தொடங்கிய இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட், ஒரு மாளிகையைப் பெறும்போது அதன் பராமரிப்புக்குப் போதிய மூலநிதியையும் சேர்த்தே கேட்பது வழக்கம். அத்தனை பெரிய அமைப்புக்கே வெறும் வீடு சுமை.

பதில் 3:

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பத்திரம் பதிவாகும்வரை ஓடு காத்திருக்காது. ஆடி முடிவதற்குள் இரண்டாம் கட்டின் ஓடுகளைப் பிரித்து, உளுத்த சட்டங்களை மாற்றி வேய்ந்துவிடுங்கள். விரிசல்களில் சிமெண்ட் பூச விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவருக்குள் ஈரம் அடைபட்டு, பளிங்குபோன்ற அந்த முட்டைப்பூச்சு பெயர்ந்து விழும். ஒவ்வொரு தூணையும் கதவையும் படமெடுத்து எண்ணிட்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதில் பங்காளிகள் அனைவரிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள். பத்திரத்துடன் இணைக்கவும் அது வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. பட்டியலை இவ்வாரமே தொடங்குகிறோம். வாடகை கொடுத்துத் திருமணம் நடத்தும் யோசனைக்கு இரண்டு புள்ளிகள் மறுக்கின்றன. அவர்கள் இசையும்வரை வீட்டை மாற்றாமல், ஓடு வேயும் செலவை மட்டும் பங்கு வீதம் பிரித்துக்கொள்ள முடிவு செய்துள்ளோம்.