ஏற்காட்டில் ஏ0 பிளாட்டர்: வெள்ளைக் கோடு, ஓரத்தில் மை, அளவும் குறைகிறது

ஏற்காடு_சர்வே:
வணக்கம். ஒண்டிக்கடை பக்கம் எங்கள் சர்வே ஆபீஸ். எஸ்டேட் வரைபடம், வீட்டு பிளான் எல்லாம் 36 இஞ்ச் இங்க்ஜெட் பிளாட்டரில்தான் (பெரிய ரோல் பேப்பரில் அச்சடிக்கும் பிரிண்டர்) எடுக்கிறோம். மழை பிடித்ததிலிருந்து ஒரே தொல்லை. படத்தின் குறுக்கே சம இடைவெளியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள். பேப்பரின் இரண்டு ஓரத்திலும் கறுப்பு மை தேய்ந்து இழுக்கிறது. இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம், ஆனால் 1:500-ல் 100 மீட்டர் எல்லை பேப்பரில் 200 மி.மீ. வர வேண்டும், 197-தான் வருகிறது. நிலத்தில் அது ஒன்றரை மீட்டர்! இதை வைத்துக்கொண்டு எல்லைக்கல் பற்றி யாரிடம் பேச முடியும்? பனிமூட்டத்தில் பேப்பர் சுருங்குகிறது என்கிறார்கள் ஆபீஸில். சர்வீஸுக்கு வந்தவர் ஹெட்டை (மை தெளிக்கும் பாகம்) மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். க்ளீனிங் ஓட்ட ஓட்ட மைதான் தீருகிறது, கோடு அப்படியே இருக்கிறது.

சூரமங்கலம்_சர்வீஸ்:
தம்பி, ஹெட்டுக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். முதலில் நாசில் செக் (ஹெட்டில் மை வரும் துளைகளைச் சோதிக்கும் பிரிண்ட்) ஒன்று எடுங்கள். அதில் எப்போதும் ஒரே இடத்தில் விடுபட்டால் அடைப்பு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் விடுபட்டால் மை வரும் வழியில் காற்று இருக்கலாம். செக் சுத்தமாக வந்தும் படத்தில் சம இடைவெளியில் வெள்ளைக் கோடு விழுந்தால் ஹெட் மேல் குற்றமில்லை, பேப்பர் நகரும் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம் (குறைந்தால் வெள்ளைக்குப் பதில் கறுத்த கோடு வரும்). மெனுவில் இந்த நகர்வைச் சரிசெய்யும் பேப்பர் அட்வான்ஸ் கேலிபரேஷன் இருக்கும், நீங்கள் போட்டிருக்கும் அதே பேப்பர் வகையைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். வீணாக க்ளீனிங் ஓட்டினால் கழிவு மைத் தொட்டிதான் சீக்கிரம் நிறையும்.

ஓரத்து மை உங்கள் ஊர் ஈரத்தின் வேலை. சேலம் வெயிலில் காய்ந்திருந்த ரோல் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அந்தப் பனிக்குள் வந்தால் ஓரங்கள்தான் முதலில் ஈரம் இழுக்கும், நடுப்பகுதி அப்படியே இருக்கும். அதனால் ஓரம் மட்டும் அப்பளம் போல நெளிந்து எழுந்து ஹெட்டில் உரசும். ரோலைப் பிரித்து ஆபீஸ் காற்றில் சில மணி நேரம் வைத்த பிறகு மாட்டுங்கள். ராத்திரி கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

அப்புறம், சுவிட்ச் போர்டில் நேராக அணைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மெஷின் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடிக்கொள்ளும், இல்லாவிட்டால் திறந்தபடியே காய்ந்துபோகும். மின்வெட்டுக்கு யூபிஎஸ் அவசியம்.

அஸ்தம்பட்டி_டிராஃப்டிங்:
அண்ணன் சொன்ன மற்றதெல்லாம் சரி. அளவுப் பிரச்சினைக்கு மட்டும் நான் சொல்கிறேன். ஈரம் பட்டால் பேப்பர் விரியுமே தவிர சுருங்காது, அதனால் பனியை விட்டுவிடுங்கள். 200-க்கு 197 என்றால் 1.5 சதவீதக் குறைவு. ஏ0-வின் அகலம் 841 மி.மீ., அதில் 1.5 சதவீதம் 12 சொச்சம். இரண்டு பக்கமும் ஆறு ஆறு மி.மீ. மார்ஜின் விட்டு மீதிக்குள் படத்தை அடக்கினால் சரியாக இந்தக் கணக்குதான் வரும்! பிடிஎஃப்பிலோ கம்ப்யூட்டரில் உள்ள பிளாட்டர் டிரைவர் சாஃப்ட்வேரிலோ, படத்தைப் பேப்பருக்குள் அடங்கும்படி சுருக்கும் 'ஃபிட் டு பேஜ்' ஆனில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 800 மி.மீ.க்கு ஒரு சதுரம் போட்டு பிரிண்ட் எடுத்து, இரும்பு ஸ்கேலால் நெடுக்கும் குறுக்கும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஃபிட் டு பேஜ்தான். நெடுக்கில் மட்டும் மாறினால் பேப்பர் அட்வான்ஸ்தான் காரணம். உங்கள் ரோல் 914 மி.மீ. இருக்கும், 841 படம் மார்ஜினோடு தாராளமாக அடங்கும். மார்ஜினைப் படத்துக்கு வெளியே விடும்படி டிரைவரில் வைத்து, ஸ்கேல் 100 சதவீதம் என்று கொடுங்கள்.

ஏற்காடு_சர்வே:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். சதுரம் இரு பக்கமும் 788 வந்தது, ஃபிட் டு பேஜ் ஆனில்தான் இருந்தது. அணைத்ததும் நெடுக்கில் 800 சுத்தமாக நிற்கிறது. நாசில் செக்கில் எல்லா வண்ணமும் முழுசாக இருக்கிறது, கேலிபரேஷனுக்குப் பிறகு கோடும் இல்லை. ஹெட் வாங்கவில்லை. ஓரத்து மை குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. குறுக்கில் மட்டும் 801-ஐ ஒட்டி வருகிறது, அது ஏன்?

அஸ்தம்பட்டி_டிராஃப்டிங்:
அதுதான் ஈரம். ரோலில் நார்கள் பெரும்பாலும் நீளவாக்கில் படிந்திருக்கும், நனைந்தால் நார் தடிக்கும், அதனால் குறுக்கில்தான் அதிகம் விரியும். வீட்டு பிளானுக்கு இது பரவாயில்லை. எல்லை வரைபடத்தை மட்டும் இங்க்ஜெட் பூச்சு உள்ள பாலியஸ்டர் ஃபிலிமில் எடுங்கள், ஈரத்துக்கு அது அசையாது. பேப்பரில் கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் மூலையில் நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று என்று ஸ்கேல் பட்டை வரைந்துவிடுங்கள், வாங்குகிறவர் அளந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

சூரமங்கலம்_சர்வீஸ்:
மிச்சமிருக்கும் ஓரத்து மைக்கு, மெனுவில் ஹெட் உயரத்தை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். உயரத்தை மாற்றினால் மைத்துளி சரியான இடத்தில் விழ ஹெட் அலைன்மெண்டையும் மறுபடி ஓட்ட வேண்டும், மறந்துவிடாதீர்கள் தம்பி.