இங்கிலீஷ் லிசனிங் வகுப்பில் பசங்க முழிக்கிறாங்க, என்ன செய்யலாம்?

பிகாம்_மேடம்:
அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் நான். முதலாண்டு பி.காம்., 62 பேர், முக்கால்வாசி தமிழ் மீடியம். நேற்று ப்ளூடூத் ஸ்பீக்கரில் இரண்டு நிமிட உரையாடல் ஒன்றை மூன்று தரம் போட்டேன். 'அன் அவர் அண்ட் எ ஹாஃப்' (ஒன்றரை மணி நேரம்) என்று வந்த இடம் ஒருத்தருக்கும் பிடிபடவில்லை. "அனவரனஹாஃப்னா ஏதோ ஊர் பேரா மேடம்?" என்றான் கடைசி பெஞ்ச் பையன். போர்டில் எழுதினால் எல்லாருக்கும் அர்த்தம் தெரிகிறது! ஃபேன் சத்தம் வேறு.

பழைய_சாக்பீஸ்:
கோவிச்சுக்காதீங்க மேடம், நீங்க வச்சது பரீட்சை, பாடம் இன்னும் நடக்கல. நானும் இருபது வருஷம் அதைத்தான் செஞ்சேன். சொல் பசங்களுக்குத் தெரியும், அதோட சத்தம்தான் தெரியாது. 'அண்ட்' பேச்சுல வெறும் 'ன்' ஆயிடும். 'ஆஃப்', 'டு', 'கேன்' எல்லாமே அழுத்தம் விழாத இடத்துல கரைஞ்சு போற ஜாதி. தமிழ்லயே காட்டுங்க: 'வந்துகொண்டிருக்கிறேன்'னு புத்தகத்துல படிச்ச வெள்ளைக்காரர் 'வந்துட்ருக்கேன்'னு கேட்டா முழிக்க மாட்டாரா? அப்புறம் அஞ்சு விநாடி ஓடவிட்டு நிறுத்துங்க. காதுல விழுந்ததைத் தமிழ் எழுத்துலயே எழுதச் சொல்லி, அச்சுப் பிரதியோட ஒப்பிட்டு, எது முழுங்கப்பட்டதுன்னு அவங்களே அடிக்கோடு போடட்டும். ஒரு வகுப்புக்கு ஆறேழு வரி போதும்.

மூணாவது_பெஞ்ச்:
மாணவனா சொல்றேன் மேடம். ஒரு சொல் தப்பிச்சா அதையே நினைச்சுட்டு அடுத்த மூணு வரியை விட்டுடுவோம். வெளிநாடு போறவங்க எழுதற இங்கிலீஷ் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். லிசனிங்ல 40 கேள்வி, ஆடியோ ஒரே தடவைதான். விட்டதை விட்டுட்டு ஓடப் பழகின பிறகுதான் தேறினேன். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியோட மெதுவான செய்திகளும் கேட்டேன்.

பழைய_சாக்பீஸ்:
தம்பி, அது 1959லயே ஆரம்பிச்சது, ஏறக்குறைய 1500 சொல்லுக்குள்ள எழுதினாங்க. பயம் தெளிய நல்லது. ஆனா நிறுத்தி நிதானமாப் படிச்சதால அதுல முழுங்கல் கம்மி. அதோட நின்னுட்டா தெருவுல பேசற இங்கிலீஷ் புரியாது.

பிகாம்_மேடம்:
இன்று செய்து பார்த்தேன் சார். ஃபேனைப் பத்து நிமிடம் நிறுத்தினோம், யாரும் முணுமுணுக்கவில்லை. 'வந்துட்ருக்கேன்' சொன்னதும் வகுப்பே சிரித்தது. அந்தக் கடைசி பெஞ்ச் பையன் 'அண்ட்' தொலைந்த இடத்தைத் தானே வட்டம் போட்டுக் காட்டினான். "அப்போ 'வாட் டூ யூ' எப்படி மேடம் 'வாட்டய' ஆச்சு?" என்கிறான். நாளைக்கு அந்த வரிதான்.