நொண்டலா, நடைமறி வலியா? கால் நாடி நோய்க்கு ஒரு கலைச்சொல்

நுவரெலியாவிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கால் நாடி (இரத்தம் கொண்டு போகும் குழாய்) ஒடுங்கி நடக்கும்போது வரும் வலியைக் கண்டறியும் எடின்பரோ கேள்விக்கொத்தைத் தமிழாக்கும் வேலை, அந்த வலியின் பெயரில் வந்து நிற்கிறது. ‘இன்டர்மிட்டன்ட் கிளாடிகேஷன்’ என்பதை ‘விட்டுவிட்டு நொண்டல்’ என்று எழுதினால் மூலச்சொல் அப்படியே வந்துவிடும், நோய் வராது. லத்தீனில் அந்த வேர்ச்சொல்லுக்கு நொண்டுதல் என்றே பொருள். 1831இல் பூலே என்ற பிரெஞ்சு மிருக வைத்தியர் ஒரு குதிரையில் இதை விவரித்தார். 1858இல் ஷார்கோ மனிதரில் விவரித்தபோதும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் நோயாளி பெரும்பாலும் நொண்டுவதில்லை. நடப்பார், கெண்டைக்கால் இறுகும், நிற்பார், சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி நடப்பார். ‘நொண்டல்’ என்று குறிப்பில் எழுதினால், படிப்பவர் கணுக்கால் சுளுக்கையும் முழங்கால் தேய்வையும்தான் தேடுவார்.

என் முன்மொழிவு: நடைக்கடுப்பு. ‘கால் கடுக்க நடந்தான்’ என்று சொல்லாத தமிழர் இல்லை.

ஹட்டனிலிருந்து:

டொக்டர், ‘கடுப்பு’ பழகிய சொல் என்பதே அதன் குறை. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தால் யாருக்கும் கால் கடுக்கும், அது நோயில்லை. கிளினிக்கில் நாலு விதமான பேச்சு வரும். ராத்திரி படுத்தபின் ‘ஒளைச்சல்’. தூக்கத்தில் சட்டென்று கெண்டை திரண்டு இழுத்தால் ‘குரக்குவலி’. சீனி வியாதி நெடுநாள் இருந்தவருக்குப் பாதத்தில் ‘மதமதப்பு’, ‘எரிச்சல்’. அது நரம்புக் கோளாறு. இந்த மூன்றும் நடையால் வருபவை அல்ல. நாலாவது, ஏத்தத்தில் ஏறும்போது பிடித்து, நின்றால் விடுவது. நமக்கு வேண்டிய சொல் இந்த நாலாவதை மட்டும் பிடிக்க வேண்டும்.

கேள்விக்கொத்தும் இதையேதான் பிரித்தெடுக்கிறது. 1992இல் லெங்கும் ஃபௌக்ஸும் வெளியிட்ட அதில் ஆறு கேள்விகள். நடக்கும்போது காலில் வலி வருகிறதா? நிற்கும்போதோ உட்கார்ந்திருக்கும்போதோ தொடங்குவதுண்டா? ஏற்றத்தில் அல்லது அவசரமாக நடந்தால் வருகிறதா? சமதரையில் வழக்கமான வேகத்தில் நடந்தால்? நின்றுவிட்டால் 10 நிமிடத்துக்குள் போய்விடுகிறதா? வலிக்கும் இடத்தைப் படத்தில் காட்டுங்கள். மூல ஆய்வில் உணர்திறன் (நோய் உள்ளவரைப் பிடிப்பது) 91 சதவீதம், தனித்திறன் (நோய் இல்லாதவரை விலக்குவது) 99 சதவீதம். ரோஸ் 1962இல் வெளியிட்ட பழைய வினாத்தாள் பல நோயாளிகளைத் தவறவிட்டதால்தான் இது பிறந்தது.

நாலாவது கேள்வி நமக்குச் சிக்கல். ஏற்றத்தில் மட்டும் வலித்தால் முதல் தரம், சமதரையிலும் வலித்தால் இரண்டாம் தரம். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) மலைக்கும் மலையிலிருந்து மடுவத்துக்கும் (கொழுந்து நிறுக்கும் இடம்) போகிறவருக்குச் சமதரை எங்கே இருக்கிறது? ‘இல்லை’ என்றுதான் பதில் வரும், கடுமையான நோயும் முதல் தரத்தில் விழும். ‘பள்ளிக்கூட மைதானத்தில் சும்மா நடந்தால்’ என்று கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இன்னொன்று: கொழுந்து எடுப்பவர் செடிக்குச் செடி நின்று நின்றுதான் நகர்வார், அதனால் வேலையில் வலி வெளிப்படாமலே போகலாம். கூடையோடு மடுவத்துக்கு ஏறும்போது என்ன ஆகிறது என்று தனியாகக் கேளுங்கள்.

என் சொல்: நடைமறி வலி. நடையை மறிக்கும் வலி.

பதுளையிலிருந்து:

‘மறி’ என்றதும் எங்கள் ஆட்களுக்கு மறியலும் விளக்கமறியலும்தான் நினைவுக்கு வரும் என்று முதலில் தயங்கினேன். ஆனால் ‘வழிமறித்தான்’ என்பதும் அதே அளவுக்குப் புழக்கத்தில் இருக்கிறது. ஏற்கிறேன்.

ஏற்க இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலத்தில் முதுகுத்தண்டுக் கால்வாய் ஒடுங்கி வரும் வலிக்கும் ‘கிளாடிகேஷன்’ என்றுதான் பெயர். அதில் நிற்பது போதாது. உட்கார வேண்டும் அல்லது குனிய வேண்டும். ஏற்றத்தில் உடல் முன்னால் சாய்வதால் அது குறையும், இறக்கத்தில் கூடும். நாடி அடைப்பில் நேர்மாறு: ஏற்றத்தில் கெண்டைத்தசைக்கு இரத்தம் கூடுதலாக வேண்டும், ஒடுங்கிய நாடியால் கொடுக்க முடியாது. ஆக, மலைச்சரிவே நமக்கு ஒரு சோதனைக் கருவி. ‘நாடிசார் நடைமறி வலி’, ‘நரம்புசார் நடைமறி வலி’ என்று பிரித்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கற்பிக்கலாம். ‘நாடி’ என்று நம் பாடநூல் வழக்கிலேயே எழுதுகிறேன். தமிழ்நாட்டார் ‘தமனி’ என்பார்கள், அடிக்குறிப்பு போதும்.

சொல்லோடு அளவையும் எழுதிவிடுவோம். கணுக்கால்–புயச் சுட்டி (கணுக்கால் இரத்த அழுத்தத்தைப் புய அழுத்தத்தால் வகுத்த எண்) எடுக்க, நோயாளியை 5 முதல் 10 நிமிடம் மட்டமாகப் படுக்க வையுங்கள். இரண்டு புயத்திலும், இரண்டு கணுக்காலிலும் பாத மேல் நாடி, பின்கால் நாடி ஆகிய இரண்டிலும் சிஸ்டோலிக் அழுத்தம் (மேல் அளவு) எடுக்க வேண்டும். டொப்ளர் (இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் கருவி) முனையைச் சாய்த்துப் பிடியுங்கள். குத்தி அழுத்தினால் நாடியே மூடிவிடும். சத்தம் நின்றபின் அழுத்தப் பட்டியை இன்னும் 20 மி.மீ. ஏற்றி, மெதுவாக இறக்குங்கள். உதாரணமாகப் புயம் 138, 132; ஒரு காலில் 96, 104 என்றால் பெரியதைப் பெரியதால் வகுக்க வேண்டும்: 104 ÷ 138 = 0.75. 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் நோய். 1.40க்கு மேல் போனால் ‘நல்லது’ என்று எழுதிவிடாதீர்கள். நெடுநாள் நீரிழிவிலும் சிறுநீரக நோயிலும் நாடிச்சுவரில் கல்சியம் படிந்து, பட்டி இறுக்கினாலும் நாடி அமுங்காது. அப்போது கால் பெருவிரல் அழுத்தம்தான் துணை.

குளிர்காலையில் பாதம் சில்லிட்டு இருந்தால் சத்தமே கேட்காது. கம்பளி போர்த்திக் காத்திருந்து திரும்ப எடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து:

கடுப்பைக் கைவிடுகிறேன். ஒரு எச்சரிக்கையை மட்டும் வரையறையிலேயே சேர்க்க வேண்டும். ஃபௌக்ஸ் குழு எடின்பரோவில் 55 முதல் 74 வயது வரையான 1,592 பேரைப் பார்த்தபோது இந்த வலி இருந்தவர்கள் 4.5 சதவீதம்தான். வலியே இல்லாமல் நாடி ஒடுங்கியிருந்தவர்கள் அதைவிட அதிகம். நீரிழிவில் நரம்பு மரத்தால் வலி தெரியாமலே புண் வந்துவிடும். ஆகவே ‘நடைமறி வலி இல்லை’ என்ற பதில் பாதத்தைத் தொட்டுப் பார்க்காமல் விடுவதற்கு அனுமதி அல்ல. 2010இல் உலகில் 20 கோடியே 20 லட்சம் பேருக்கு இந்த நாடி நோய் இருந்தது என்று அதே குழு 2013இல் மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்.

கிளைச்சொற்கள்: ‘வலி தொடங்கு தூரம்’, ‘நடைமறி தூரம்’. முன்னது முதல் வலி வருமிடம், பின்னது மேலே நடக்க முடியாமல் நிற்குமிடம். இரண்டையும் மீட்டரில் எழுதுவோம், சரிவா சமதரையா என்பதையும் சேர்த்து.

ஹட்டனிலிருந்து:

சரி டொக்டர். அச்சுக்குப் போகும்முன் ஒரு திருத்தம்: ‘நடைமறித் தூரம்’ என்று யாரோ ஒற்றுப் போட்டிருக்கிறார்கள். வினைத்தொகை, ‘சுடுசோறு’ போல. ஒற்று மிகாது.